வெறும் புட்டியில் கிராம்பு

வேலூரில் நான் ஆராய்ச்சி செய்த கல்லூரியில் இயற்கை அறிவியலும் உளவியலும் ஒரே கட்டடத்தில் இருந்தன. கீழே வேதியியல், மாடியில் நாங்கள். ஷூ கம்பெனிகளில் பல வருடங்கள் பசையோடு வேலை செய்பவர்களுக்கு வாசனை எவ்வளவு தெரிகிறது என்பதுதான் என் ஆய்வு. கீழ்த்தளத்துத் தோழி ஒருத்தி பத்துச் சின்னப் புட்டிகள் தயாரித்துக் கொடுத்தாள். ஒன்பதில் காப்பித்தூள், கற்பூரம், எலுமிச்சை என்று ஏதாவது ஒரு வாசனை. ஒன்றில் வெறும் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு ஆம்பூருக்கு ரயிலேறுவேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறை ஒன்றைத் திறந்துவிடுவார்கள்.

ஒரு ஞாயிறு அங்கே வந்த ஓர் அக்கா, ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சர்ச்சிலிருந்து நேரே வந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு புட்டிக்கும் தயங்காமல் பதில் சொன்னார். எல்லாமே தப்பு. தண்ணீர்ப் புட்டியை நீட்டியபோது, "கிராம்பு, நல்ல கிராம்பு" என்றார்.

முடிந்ததும், "எல்லாம் கரெக்டா மேடம்?" என்று கேட்டார். முடிவைச் சொல்லக் கூடாது என்பது விதி. நான் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

அவரே குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுமே தெரியல மேடம். அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, தெரியலன்னு சொன்னா உங்களுக்குப் பேஜாரா இருக்குமேன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் அது போய்விட்டது.

"வீட்ல பால் கெட்டுப்போனது தெரியாம காப்பி போட்டுட்டேன். குழம்பு அடிபிடிச்சா தெரியல. 'உனக்கு இன்னாம்மா ஆச்சு, கவனம் எங்க இருக்கு'ன்னு என் பொண்ணு கத்துறா. எனக்கே புத்தி கெட்டுப்போச்சோன்னு பயம். நீங்க மனசு சம்பந்தமா படிக்கிறவங்கன்னாங்க. அதான் வந்தேன்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "புத்திக்கு ஒண்ணும் இல்லக்கா. உங்களுக்கு வாசனை தெரியல, அவ்ளோதான். மூக்கு டாக்டரப் பாக்கணும்" என்றேன். அவர் மேஜையில் தலை சாய்த்து அழுதார்.

மறுநாள் என் பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். வாய்க்கு வந்தபடி சொன்ன பதில்களைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அந்த அக்காவின் தாளை ஒதுக்கி வைத்தார். பிறகு, யாரையும் கேட்காமல், டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அக்காவும் மகளும் வேலூருக்கு வந்தார்கள். கொஞ்சம் திரும்பலாம், முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது, பசைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் ரொம்பத் திட்டிட்டேன்" என்று என்னிடம் சொன்னாள், அம்மாவிடம் சொல்ல முடியாததுபோல.

டாக்டர் சீட்டைக் காட்டிக் கேட்டதில், ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, கம்பெனியில் அக்காவைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். வீட்டில் காஸ் அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்ப்பது மகளின் வேலையானது.

அதற்குப் பிறகு, அனுமதி வாங்கி, என் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன்: உங்கள் முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா? அடுத்த ஞாயிறு வந்த பெண்கள் மற்ற கேள்விகளுக்குப் போகும் முன்பே அந்தக் கட்டத்தில் டிக் போட்டார்கள்.