ஒரு வரிக்குத் தாள் இல்லை என்றார்கள்

தொண்ணூறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைக்குக் கிட்ட, கடலோரத்தில் எங்கள் ஊர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் என் கையெழுத்து பொடியாகவும் தெளிவாகவும் இருக்கும் என்று, எங்கள் அந்தோனியார் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகங்களைப் பிரதி எடுக்கும் வேலையைப் பங்குச் சுவாமி என்னிடம் தந்தார். சண்டைக் காலம், போதாததற்குக் கறையான். சமையலை முடித்துவிட்டு மத்தியானங்களில் இருந்து எழுதி, மூன்று தடித்த புத்தகங்களை ஒரு வருடத்தில் எழுதி முடித்தேன்.

பிரதியை அச்சுவேலிக் கோயிலுக்கு அனுப்பி வைப்போம் என்றார் சுவாமி. நான்தான் விடவில்லை.

"அந்தோனியாரின்ரை காலடியை விடக் காவலான இடம் எங்கை இருக்கு, சுவாமி? இஞ்சையே இருக்கட்டும்."

சனமும் என் பக்கம் நின்றது. அந்தோனியாரின் சிலை, எங்கள் பேச்சில் சுருவம், அதன் கீழே ஒரு பெட்டியில் வைத்தோம். மூலப் புத்தகங்கள் இருந்த அலுமாரி அதிலிருந்து நாலு எட்டுத் தூரம்.

அடுத்த மாதம் பொம்மர் விமானம் வந்து கோயிலின் அந்தப் பக்கத்தில் குண்டு போட்டது. மூலமும் எரிந்தது, பிரதியும் எரிந்தது. சுருவம் மட்டும் கரி பிடித்தபடி நின்றது.

"அந்தோனியார் தான் தப்பியிட்டார், உம்மடை கொப்பியைக் கைவிட்டிட்டார்" என்று ஒருவர் பகிடி விட்டார்.

"அவரிலை பிழை சொல்லாதேங்கோ. ரெண்டையும் ஒரே இடத்திலை வைச்ச மடைச்சி நான்" என்றேன்.

அன்று பின்னேரம் அயல்வீட்டு விதவைத் தாய் ஒருத்தி வந்தாள். அவளுடைய ஒரே பிள்ளை பிறந்து நாற்பது நாளில் செத்துப்போனது. வீடும் முன்னமே எரிந்துவிட்டது. படம் இல்லை, பிறப்புப் பத்திரம் இல்லை. அந்தப் பிள்ளையின் பெயர் இருந்தது கோயில் புத்தகத்தில் மட்டும்தான்.

"அக்கா, எனக்கொரு பிள்ளை பிறந்ததெண்டு இனி ஆர் சொல்லுவினம்?"

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

ஞாயிறு பூசை முடிய எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: வீடு வீடாகப் போவேன். றங்குப்பெட்டிகளில் கிடக்கிற, கோயில் கொடுத்த ஞானஸ்நானத் துண்டுகளைப் பார்த்துத் திரும்ப எழுதுவேன். இந்தமுறை மூன்று கொப்பி, மூன்று இடம்.

பங்குச் சபைச் செயலாளர் எழும்பினார். பொருளாதாரத் தடையில் கொப்பித் தாள் பொன்னாக இருந்த நேரம்.

"மூண்டு மூண்டாய் எழுதத் தாளுக்கு எங்கை போறது, பிள்ளை? உயிரோடை இருக்கிறவையை மட்டும் எழுதும். செத்ததுகள் என்ன, துண்டு கேட்டு வந்து கலியாணம் கட்டப் போகுதுகளோ?"

அந்தத் தாய் கடைசி வரிசை வாங்கில் இருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் கோயில் என்றும் பாராமல் சத்தமாகவே சொன்னேன்.

"தாள் காணாதெண்டால் நான் எழுத்தைச் சின்னனாக்குறன், அண்ணை. ஆக்களைக் குறைக்க மாட்டன்."

அவரும் விடவில்லை. "இவவின்ரை பிள்ளைக்குத் துண்டும் இல்லை. ஞானத்தாய், ஞானத்தகப்பன் ரெண்டு பேரும் வள்ளமேறி இந்தியாவுக்குப் போட்டினம். ஆர் சாட்சி?"

"பெத்தவள் சாட்சி. காணாதோ?"

சுவாமி பீடத்திலிருந்து இறங்கி வந்தார். பிறகு, "எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

முதல் வரியாக அந்தப் பிள்ளையைத்தான் எழுதினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் தகப்பன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாமல், குடும்பத்துக்கு ஒருமுறை மேலே எழுதி, பிள்ளைகளை அதன் கீழ் வரிசையாகப் போட்டேன். கோடுகளுக்கு நடுவிலும் ஒரு வரி. அரைவாசித் தாள் மிஞ்சியது. செத்தவர்கள் அத்தனை பேருக்கும் இடம் இருந்தது. செயலாளர் வந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிச் சைக்கிளில் அச்சுவேலிக்குக் கொண்டுபோனவர் அவரேதான். இன்னொன்று ஒரு கன்னியாஸ்திரியோடு வன்னிக்குப் போனது. மூன்றாவது எங்கள் கோயிலில்.

பிறகு வந்த இடப்பெயர்வில் அச்சுவேலிக் கொப்பி தொலைந்துபோனது. போகட்டும், மற்ற இரண்டும் இருக்கின்றன. அந்தோனியாரிடம் இன்றைக்கும் முழந்தாளிட்டுத்தான் மன்றாடுகிறேன். ஆனால் என் கை செய்ய வேண்டிய வேலையை அவர் தலையில் கட்டுவதில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்தப் பொம்மராலும் ஒரே நாளில் எரிக்க முடியாதபடி அது எழுதப்பட்டிருக்கிறது என்ற நினைப்பே எனக்கு இன்றும் தலை நிமிர்த்தி நிற்கப் போதும்.