கசெற்றுக்குள் அழுதது யார்

ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் நானும் அம்மாவும் குடியிருந்த பேஸ்மென்றுக்கு மேலே வீட்டுக்காரக் கிழவர் தனியாக இருந்தார். வெள்ளைக்காரர். ஒருகாலத்தில் லண்டன் மேடைகளில் பெரிய நடிகராம். பிறகு படங்களில் பாதிரியார், நீதிபதி, கடைசியில் கட்டிலில் கிடந்து சாகிற தகப்பன். சாகிற பாத்திரம் என்றால் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று பெருமையாகச் சொல்வார். ஏதோ நாடகத்தோடு ரொறன்ரோவுக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார்.

எங்களிடம் ஒரு கசெற் இருந்தது. ஊரிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, பேசி அனுப்பியது. அது வந்து சேர்ந்த கையோடு மாமாவை ஆமி பிடித்துப் போனது. பிறகு தகவலே இல்லை. செத்திருப்பான் என்று எல்லோரும் சொல்ல, அம்மா மட்டும் நம்பவில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்பே கசெற்றைப் போடுவார். அழுவார். மாமாவுக்குப் பதிலும் சொல்வார்.

அதில்தான், எட்டு வயதுக் கெட்டித்தனத்தில், சிவப்புப் பொத்தானை அமத்தி ரிவியில் போன பாட்டைப் பதிந்துவிட்டேன். திருப்பிப் போட்டால் மாமா இல்லை. ஒரு சொல்கூட இல்லை. மாமாவை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அம்மா வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

ரேப் ரெக்கோர்டரைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். கிழவர் என் அழுகையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அந்த வசனம் தனக்கு மனப்பாடம் என்றார். ஆறு மாதமாகத் தரைக்குள்ளால் கேட்கிறாராம். அர்த்தம் தெரியாதாம், ஆனாலும் தினமும் கூடவே சொல்லிப் பார்ப்பாராம். இப்போது தனக்கு வேறு யார் வசனம் தருகிறார்கள் என்றார்.

நாற்காலியில் நிமிர்ந்திருந்து, என்னைச் சிவப்புப் பொத்தானை அமத்தச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

"அக்கோய், நான் சுகமாய் இருக்கிறன்."

மாமாவேதான். அதே இழுவை, அதே செருமல், பல்செட் போட்ட அந்த வாயிலிருந்து. கடவுளே, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எழும்பி ஓடவும் முடியவில்லை. கேட்டதில் ஒன்றும் விடாமல் சொல்லி முடித்துவிட்டு, சரியா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அச்சொட்டாக அப்படியே இருந்தது.

அம்மா வந்தார். கசெற்றைப் போட்டார்.

"யோசிக்காதை அக்கா, நான் வருவன்."

வழமைபோல "ஓமடா தம்பி" என்று சொல்ல அம்மா வாயெடுத்தார். அதற்கு முன்பே கசெற் சொல்லிவிட்டது. பிறகு விம்மியது. அம்மா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். கசெற்றுக்குள் அழுகை நிற்கவில்லை.

"உது ஆரடி அழுறது?"

"நீங்கள்தானே அம்மா."

அம்மா கசெற்றை நிற்பாட்டினார்.

"நான் உப்பிடியோ அழுறனான்?"

அந்தக் கசெற்றை அம்மாவின் அழுகை இல்லாமல் நானோ மேலே கிழவரோ ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு அம்மா அதைப் போடவேயில்லை. அந்த வெள்ளிக்கிழமை மாமாவின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, சோறு படைத்தார். கிழவருக்கும் ஒரு சோற்றுக்கோப்பையில் போட்டுத் தந்தார். அடி விழாமல் தப்பிவிட்ட சந்தோஷத்தில் நான் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினேன்.