நடக்க நடக்கக் கூடிய எடை

எழுதுவதற்கு நான் யார் என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிரப் பேனா பிடித்தது குறைவு. நாலு பேர் சேர்ந்து நின்றால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறவள் நான். வாயால் யாரிடமும் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் முக்கூடல். நான் பீடி சுற்றுகிறவள். காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளவு என்கிற முறத்தை வைத்து, இலையும் தூளுமாகக் குனிந்தால் பொழுது சாயும்போதுதான் நிமிர்வேன். சமைக்க எழுந்திருப்பேன், தண்ணீர் பிடிக்க எழுந்திருப்பேன், அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழே உடம்பு தானாகக் கனத்துக்கொண்டு வந்தது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். மற்ற நாட்களில் வீட்டில் இருக்கிறார். ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து ஒரு வழி செய்திருந்தார்கள். அது இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது, யாராவது ஒருவர் சிறுநீரகம் கொடுத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். மகள் கைக்குழந்தைக்காரி. அவருடைய அக்காவுக்குச் சர்க்கரை. எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ரத்தமும் பொருந்தியது. அந்த முடிவு வந்த அன்று ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் போய் நின்று சந்தோஷத்தில் அழுதேன்.

வெளியே வந்ததும் என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள்.

"எழுபத்தேழு இருக்கீங்கம்மா" என்றார் டாக்டர். "உங்க உயரத்துக்கு இது ரொம்ப அதிகம். கொடுத்த பிறகு மீதி இருக்கிற ஒண்ண வச்சு நீங்க காலம் பூரா ஓட்டணும். எழுபதுக்குள்ள வாங்க, அப்புறம்தான் ஆபரேஷன். தினமும் நடங்க. சீனிய விடுங்க. சோத்தக் குறைங்க."

ஏழு கிலோ. அது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

மறுநாளே நடக்கத் தொடங்கினேன். ஆட்கள் பார்ப்பார்களே என்று வெளிச்சம் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. அதை மறைக்கச் சேலையைத் தழைத்துக் கட்டியதில் முதல் நாளே தடுக்கி விழப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரியும் துணைக்கு வந்தாள். அவளும் பீடிக்காரிதான், என்னைவிட இளையவள், வாய் ஓயாது.

"எக்கா, பையப் போங்க. போலீஸா தொரத்துது?" என்பாள். "நீங்க போற வேகத்துக்கு நான் அம்பாசமுத்திரத்துல போய்த்தான் ஒங்களப் புடிக்கணும்."

ஆற்றுப் பக்கத்து ரோட்டில் வயல் தாண்டிப் போய்த் திரும்பி வருவோம். மூச்சு இரைக்கும். தொடை உரசிப் புண்ணானது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நடந்தேன். காப்பியில் சீனியை நிறுத்தினேன். மத்தியானம் சோறு பாதியானது, ராத்திரி ஒரே ஒரு தோசை. ஒரு நாளும் தவறவில்லை.

களி வந்தது அப்போதுதான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெரியவளானாலும் பிள்ளை பெற்றாலும் இடுப்புக்குப் பலம் என்று உளுந்தங்களி கொடுப்பார்கள். வறுத்துத் திரித்த உளுந்து மாவைக் கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டுவது. நான் நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் திரும்பி வந்தபோது அவர் அடுக்களையில் நின்றார். வேன் ஓட்டின மனுஷன், அதுவரை அடுப்புப் பக்கம் வந்ததில்லை. நெற்றியில் வேர்வை, சட்டையில் மாவு.

"என்னங்க இது?"

"இடுப்புப் பக்கமாக் கிழிச்சுத்தானளா எடுக்கப் போறாங்க? இடுப்புல பலம் வேணும்லா. தின்னு."

"டாக்டரு சீனி கூடாதுன்னாரே."

"இதுல எங்க சீனி கெடக்கு? கருப்பட்டி. அக்கா உடன்குடியில இருந்து குடுத்துவிட்டது. மருந்துளா இது."

எனக்கும் அது சரியாகவே பட்டது. கருப்பட்டி கெடுதல் செய்யும் என்று எங்கள் வீடுகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதோடு, அவருக்குக் கருப்பட்டியும் உளுந்தும் ஆகாது என்று விலக்கியிருந்தார்கள். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தான் வாயில் வைக்க முடியாத ஒன்றைக் கிண்டி, உருட்டி, நடுவில் குழி பறித்து எண்ணெயை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அந்த நேரத்தில்தான். நடந்துவிட்டு வந்த பசியில் எனக்கும் ருசித்தது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். எழுபத்தொன்பது.

மெஷின் சரியில்லை என்று நினைத்தேன். ஊருக்கு வந்து ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்றேன். எடை போடுகிற அண்ணாச்சி சிரித்தார். "என்ன தாயி, அரிசி மூடையத் தாண்டிட்டியளே! ஒங்களத் தூக்க ரெண்டு ஆளு வேணும்." கேட்டவர் யாரும் இல்லை. இருந்தும் தலையைக் குனிந்துகொண்டே வீடு வரைக்கும் வந்தேன்.

சாயங்காலமும் நடக்கத் தொடங்கினேன். ராத்திரித் தோசையை விட்டேன். தலை சுற்றியது, பீடி சுற்றும்போது கை நடுங்கியது. "ரெண்டு நேரம் நடக்க, பட்டினி வேற கெடக்க" என்று அவர் களி உருண்டையைப் பெரிதாக்கினார். அடுத்த தடவை எண்பத்தொன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை உடன்குடியிலிருந்து நாத்தனார் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏளா, நடக்கேன் நடக்கேன்னு சொல்லிக்கிட்டு எங்க போற? எந்தக் கடையில போயி உக்காருத?"

"இல்ல மைனி, நெசமாவே நடக்கேன்."

"நடந்தா எடை கொறையும். ஒனக்கு ஏறுதுன்னா நீ திங்குத. குடுக்கப் பயமாருக்குன்னா வாயத் தொறந்து சொல்லிரு. ஒருத்தரும் ஒன்னயக் கட்டிப்போட்டு அறுக்க மாட்டாக. தின்னு தின்னு எடைய ஏத்திக்கிட்டு எந்தம்பியச் சாவடிக்காத."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "எக்கா, சும்மா இரு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறதோ என்று நான் பயந்தேன். அதைவிட, எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பயந்துபோய் என் உடம்பே கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதோ? முடிந்திருந்தால் என் சதையை நானே அரிவாள்மனையில் வைத்து அரிந்து போட்டிருப்பேன். குளிக்கும்போது வயிற்றைப் பிடித்துக் கிள்ளுவேன். நகம் பட்ட இடமெல்லாம் கன்றிப்போய் இருந்தது.

அதற்குள் அவர் கையில் இருந்த வழி மூன்றாவது தடவையாக அடைத்துச் சரி செய்யப்பட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாள் கடத்தாதீங்கம்மா" என்றார். நானா கடத்துகிறேன்? சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித் தருகிற மேடத்திடம் அனுப்பினார். என் வீட்டுக்காரரும் கூட வந்தார்.

மேடம் சின்ன வயது. பொறுமையாகக் கேட்டார். காலையில் என்ன, மத்தியானம் என்ன, ராத்திரி என்ன. உள்ளதை உள்ளபடி சொன்னேன். களியைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் யாராவது மருந்தைச் சொல்வார்களா?

"இவ்வளவுதானா? இதுக்கு எடை ஏறாதேம்மா" என்று என்னைப் பார்த்தார். நாத்தனார் பார்த்த அதே பார்வை.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அவ பொய் சொல்ல மாட்டா மேடம்" என்றார். "நானும் ஒரு கொறையும் வைக்கல. தெனமும் காலையில நடந்துட்டு வந்ததும் நானே களி கிண்டிக் குடுத்திருதேன். ஒரு நாளு விட்டதில்ல."

"களியா? என்ன களி?"

அவர் உற்சாகமாகச் சொன்னார். உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். உருண்டை எவ்வளவு பெரிது என்று இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். எண்ணெய் எவ்வளவு என்று மேடம் கேட்டதற்கு, "அது கணக்கில்ல மேடம், களி குடிக்கிற மட்டும் ஊத்துவேன்" என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. அவரைத் திட்டவும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ஐயா, அவங்க நடந்து குறைக்கிறத விட அதிகமா நீங்க அந்த உருண்டையில திருப்பிக் கொடுத்துடுறீங்க. கருப்பட்டியும் இனிப்புதான்."

குவித்த கையை அவர் பிரிக்கவில்லை. அப்படியே மடியில் இறக்கி வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, "அவ மேல தப்பில்லக்கா, நாந்தான் களியக் குடுத்து ஏத்திட்டேன்" என்றார். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்குக் கேட்டது.

"களி தின்னு எவலே குண்டானா? அது மருந்துலா! பொண்டாட்டியக் காப்பாத்த எம்மேல பழி போடாத. கருப்பட்டி நான் குடுத்தது."

போனை வைத்துவிட்டார். அடுக்களைக்குள் போய் மாவு டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"ஏளா, ஒனக்குன்னு நான் செஞ்சது இது ஒண்ணுதான். அதுவும் இப்படி ஆயிப்போச்சு."

"விடுங்க. தெரிஞ்சா செஞ்சிய?"

"பதினொரு கிலோ கொறைக்கணும்லா இனி?"

"கொறைச்சிருவேன்."

"எப்பக்குள்ள?"

அவர் இடது கையைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசி போடும் வழியில் ரத்தம் ஓடினால் இரைச்சல் கேட்கும், தினமும் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கேட்கிறதா என்று நான் கேட்டேன். "கேக்குது, லேசா" என்றார். நானும் காதை வைத்துப் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை. கேட்கிறது என்று சொன்னேன்.

மறுநாள் அவருக்கு டயாலிசிஸ். காலையில் நடந்துவிட்டு வந்து முதல் பஸ்ஸுக்கு அவரோடு போனேன். வழி மறுபடியும் அடைத்துப்போய்க் கையில் ஊசி ஏறவில்லை. கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. என் எடையை அன்று யாரும் பார்க்கவில்லை.