எஸ் த்ரீ என்கிற எங்கள் வீட்டுப் பின்புறம்

முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நெறியாளர் சிவப்புப் பேனாவால் அடித்த முதல் சொல் ‘எங்கள்’. ‘எங்கள் கழிமுகம்’ என்று எழுதியிருந்தேன்.

“ஆய்வுல யாருக்கும் சொந்த ஊர் கிடையாதும்மா” என்றார்.

எரிச்சலாக வந்தது. நெட்டுக்குப்பத்தில் பிறந்து அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவள் வேறு எப்படி எழுதுவாள்?

ஆனாலும் கற்றுக்கொண்டேன். ஊர் ‘ஆய்வுப் பகுதி’ ஆனது. சோதனைக்குச் சேறும் தண்ணீரும் அள்ளிய இடங்களுக்கு எஸ் ஒன், எஸ் டூ என்று வரிசையாக எண் போட்டேன். எங்கள் வீட்டுப் பின்புறம், அப்பா படகு கட்டும் இடம், எஸ் த்ரீ.

அள்ளுவதற்குப் படகில் கூட்டிப்போனவர் அப்பாதான். வரைபடத்தைக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு.

“எஸ் த்ரீல வலை காஞ்சிகினு கீது, மழை வந்தா எடுத்து உள்ள போடு” என்பார்.

“இந்தாளோட ஒரே பேஜாரு” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்போது வெளியூர்க் கல்லூரியில் வேலை. ‘எங்கள்’ தலைகாட்டாமல் பக்கம் பக்கமாக எழுதக் கை பழகிவிட்டது. மாணவர்கள் எழுதும் ‘எங்கள்’களையும் நானே அடிக்கிறேன்.

போன வாரம் அப்பா போன் செய்தார்.

“எறா நல்லா பட்டுகீது. எஸ் த்ரீக்கு எப்போ கண்ணு வர்ற?”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். ‘வூட்டுக்கு’ என்று கூப்பிட்டிருந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருப்பேன்.