தோல் வாரால் நேர் பார்த்த சக்கரம்

முந்தாநாள் மழையில் நனைந்த செருப்பை வெயிலில் போட்டுவிட்டு மறந்துபோனேன். நேற்று எடுத்து மாட்டினால், ஏற மாட்டேன் என்கிறது. "செருப்பு சுருங்கிடுச்சா, காலு வீங்கிடுச்சா?" என்று வீட்டுக்காரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு செருப்புக்கு இப்படி உட்கார்ந்துபோகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

காய்ந்த தோல் வாடை என்றாலே எனக்கு ஆம்பூர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ஒரு சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரைவராக இருந்தேன். டிரைவர் என்றால் ஓட்டுவதும் நானே, கழுவுவதும் நானே, ரிப்பேரும் நானே. ஆவாரம்பட்டை ஊறுகிற வாடை வண்டி மெத்தை வரைக்கும் ஏறியிருக்கும். வேலூர் லாங் பஜாரில் நிறுத்தினால், "ஆம்பூர் வண்டி வந்துடுச்சி" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

அந்த வண்டியை ஒருநாள், குறுக்கே நின்ற எருமைக்குப் பயந்து மைல்கல்லில் கொண்டுபோய் முட்டினேன். எருமை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பி வளைந்துபோனது. புதுக் கம்பி மதராஸிலிருந்து ரயிலில் வந்தது. மாட்டுவது பெரிய காரியமில்லை. மாட்டியபின் சக்கரங்களை நேர் பார்ப்பதுதான் தலைவலி. முன்சக்கரங்களுக்கு நடுவே முன்பக்க இடைவெளி, பின்பக்க இடைவெளியைவிடக் கால் அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். அது மாறி முன்பக்கம் விரிந்துவிட்டால், மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி வண்டி ரோட்டில் இங்கும் அங்கும் அலையும்.

அளக்க ஏசையன் கூட நின்றான். ஷாப்பில் தோல் ஊறப்போடுகிற ஊறல் குழியில் வேலை செய்பவன், அடுத்த வீட்டுக்காரன், என் தோஸ்த். ஆம்பூர்க்காரனுக்குக் கட்டவும் வார்தான், அளக்கவும் வார்தான். குழியிலிருந்து அப்போதுதான் எடுத்த தோலில் நீளமாக ஒரு வாரை அறுத்துக்கொண்டு வந்தான். இரண்டு டயரிலும் சுண்ணாம்புக் குறி வைத்தோம். முன்பக்க இடைவெளியை அளந்து, வாரின் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டோம். அதற்குள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக வேலை நின்றது. வாரை மட்கார்டின்மேல் வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து, குறிகள் பின்பக்கம் போகும்வரை வண்டியைத் தள்ளி அளந்தோம். வார் சரியாகக் கால் அங்குலம் எட்டவில்லை, எங்களுக்கு வேண்டிய கணக்கும் அதுதான்.

"பாத்தியாபா, ஒரே போடு!" என்றான் ஏசையன். நானும் நட்டை இறுக்கிவிட்டேன். ஈரத் தோல் காய்ந்தால் சுருங்கும். தோலிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கு அது தோன்றவில்லை. எங்களைவிட அந்த எருமை தேவலை.

மறுநாள் காலையில் ஏசையன் பெண்சாதி சலோமிக்கு வலி கண்டது. தலைச்சன். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சாயபு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இன்னா பாத்துனு நிக்கிறே? ஜல்தி வண்டிய எடுத்துனு போ" என்றார்.

மாதனூர் தாண்டி வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. இடப்பக்கம் போனதை இழுத்துப் பிடித்தால் வலப்பக்கம் பாய்கிறது. வேகமாகப் போனால் புளியமரத்தில் மோதிச் சாக வேண்டும். மெதுவாகப் போனால் பின்னால் இருக்கிற பெண் செத்துப்போவாள். "மெதுவாடா, கவுத்துடாதே" என்பான் ஏசையன். அடுத்த மூச்சில், "சீக்கிரம் போடா, என் சாமி" என்பான். சலோமி "ஏசுவே, ஏசுவே" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை.

ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி நேரே தண்ணீரைப் பார்த்து ஓடியது. கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்திவிட்டேன். அந்தக் குலுக்கலில், வண்டிக்குள் முந்தின நாள் போட்டுவைத்த வார் ஏசையன் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்தான். குச்சி மாதிரி விறைத்திருந்தது. வாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"காஞ்சி சுருங்கிப்போச்சிடா."

எதிரே வந்த மாட்டுவண்டிக்காரரிடம் மூங்கில் கழி வாங்கி அளந்தோம். முன்பக்கம் முக்கால் அங்குலம் விரிந்து கிடந்தது. அடியில் படுத்து நட்டைத் திருகினேன். ஸ்பானர் இரண்டு தரம் என் மூஞ்சியிலேயே விழுந்தது. மேலே முனகல் திடீரென்று நின்றது. பிறகு சலோமியின் குரல் வந்தது.

"ண்ணா, பதறாதீங்க. நான் பொறுத்துக்கறேன்."

அரை மணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. வேலூர் போய்ச் சேர்ந்தோம். சலோமி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அந்த அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் குழந்தை தங்கியிருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்க வாய் வரைக்கும் வந்தது. என்ன பதில் வருமோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். ஏசையனும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பேச்சு கடைசிவரை வரவே இல்லை. பிற்பாடு சலோமிக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் எனக்கு வரும். "நல்லா சாப்புடுண்ணா" என்பாள். வண்டி ஏன் நின்றது என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததா? வார் சுருங்கிப்போனதை அன்றைக்கு ஏசையன் சொன்னது அவள் காதில் விழுந்ததா? இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தே வருஷாவருஷம் சோற்றைத் தின்று முடித்தேன்.

சாயபுவின் வண்டி கைமாறிப் போனது. ஊறல் குழிகளை மூடிவிட்டார்கள். ஏசையன் முன்னாலேயே கண்ணை மூடினான், போன ஐப்பசியில் சலோமியும் போய்விட்டாள். "நனைச்சா இளகிடும், அதுக்கா இப்பிடி உக்காந்துட்டீங்க?" என்று வீட்டுக்காரி செருப்பில் தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். இளகிவிட்டது, போட்டுக்கொண்டேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஆம்பூரில் எனக்கு இனிமேல் ஒரு ஆளும் இல்லை.