கீழாநெல்லியும் அதன் பங்காளிகளும்

நாட்டு மருந்துக் கடையில் செடி பிரிக்கிற வேலை, ஒரே சாடையுள்ள அண்ணன் தம்பிகளை வரிசையாக உட்கார வைத்து, இதில் மாப்பிள்ளை யார் என்று கேட்பது போன்றது. அந்த வேலையில் இடுப்பொடிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எடப்பாடியில் தறி நெய்வதை விட்டுப் புதுச்சத்திரத்தில் ஒரு கடையில் சேர்ந்தேன். காமாலைக்குக் கொடுக்கிற கீழாநெல்லியைப் பள்ளிபாளையத்து வைத்தியர் ஒருவருக்கு மூட்டையாக அனுப்புவோம். நான் பிரித்த முதல் மூட்டை, மருந்துக்காகாத சிவப்புக் கீழாநெல்லி கலந்திருக்கிறதென்று திரும்பி வந்துவிட்டது. கலியாணமான புதிது. வேலை நிலைத்தால்தான் ஊரிலிருந்து மனைவியை அழைத்து வர முடியும். முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: "இன்னொரு மூட்டை திரும்பி வந்துதுன்னா, அதே வண்டியில நீயும் ஏறிக்கோ."

தோட்டம் நிறைய மருந்து

முந்தின நாள் கீழாநெல்லி கேட்டு, இல்லையென்று திரும்பிப் போன ஒரு பண்ணையக்காரர் ஒருநாள் காலையில் பெரிய கட்டோடு வந்தார். "எங்க தோட்டத்துல இது காடாட்டம் கெடக்குதுங்க, நீங்க என்னமோ கெடைக்கலைங்கறீங்க" என்று கட்டை என் முன்னால் போட்டார். இலை என்னவோ அதே மாதிரிதான். ஆனால் எல்லாம் புளியங்கன்று.

பக்குவமாக எடுத்துச் சொன்னேன். நட்டு வைத்தால் நல்ல தோப்பாகும் என்றும் சொன்னேன். அவர் கட்டைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டார்: "அப்ப எங்க மச்சான் காமாலையோட புளி காய்க்கற வரைக்கும் குந்தியிருக்கோணுமுங்களா?"

சிவந்ததெல்லாம்

சிவப்புக் கீழாநெல்லிக்குத் தண்டு சிவப்பு என்று யாரோ சொன்னதை நம்பி, சிவந்த தண்டையெல்லாம் ஒதுக்கினேன். மத்தியானத்துக்குள் முக்கால் பங்கு குப்பைக்குப் போய்விட்டது. செடி பறித்துக் கொண்டு வருகிற பாவாயக்கா அந்தக் குவியலைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். மேட்டுக்காட்டு வெயிலில் முளைத்தால் நல்ல கீழாநெல்லியும் சிவக்குமாம்.

பிறகு நானே இரண்டையும் பக்கத்தில் வைத்து உருட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இலைக்கடியில் இரண்டுக்கும் காய் உண்டு. நல்லதன் காய் சின்னக் காம்பில் தொங்கும், விரலுக்கு வழவழப்பாக இருக்கும். மற்றதன் காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு சொரசொரக்கும். ஆனால் அன்றைக்குக் குவியலைக் காட்டிப் பாவாயக்கா கேட்டாள்: "வெயில்ல நின்னா நீங்களுந்தான் செவக்கறீங்க தம்பி, உங்களையும் தூக்கிக் கடாசிரலாமுங்களா?"

காயில்லாத மூட்டை

இரண்டாவது மூட்டைக்குச் செடி செடியாகக் காயைத் தடவித்தான் தேர்ந்தெடுத்தேன். வைத்தியர் இந்தத் தடவை தாமே வண்டி கட்டிக்கொண்டு வந்து மூட்டையை அவிழ்த்தார். ஒரு செடியை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். எதிலும் காயே இல்லை! நான் தடவிய தடவலில் எல்லாம் உதிர்ந்துவிட்டிருந்தது. "காயில்லாம நான் எதைக் கண்டு நம்பறது?" என்றார். முதலாளி வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் உள்ளே ஓடி, பாயில் உதிர்ந்து கிடந்ததை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து நீட்டினேன். வைத்தியர் கைநிறைய எடுத்து உருட்டினார். ஒன்றுகூடச் சொரசொரக்கவில்லை. ஒதுக்கி வைத்திருந்த சிவப்பையும் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்: "ஆளு நல்ல ஆளுதானுங்க, இனிமே கொஞ்சம் காயைச் செடியிலயும் விட்டு வெக்கச் சொல்லுங்க."

சோற்றுத் தட்டு

அடுத்த வாரமே மனைவி வந்து சேர்ந்தாள். முதல் நாள் சுண்டைக்காய்க் குழம்பு. நான் ஒவ்வொரு காயையும் விரலால் உருட்டிக்கொண்டிருப்பதை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், கரண்டியோடு வந்து நின்றாள். "எல்லாம் ஒரே செடியில காய்ச்சதுதானுங்க, பயப்படாம உண்ணுங்க."

அவளும் போய்ப் பல வருஷமாகிறது, கடையும் இல்லை, ஆனாலும் கைக்கு ஒரு காய் கிடைத்தால் இந்த விரல்கள் இன்னும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கின்றன.