முன்னறைக்கு வந்த லேத்

சோபாவை வெளியேற்றிவிட்டு முன்னறையில் என் கணவர் இரும்பு கடையும் லேத்தை இறக்கிய அன்றே, மாமனார் தன் மகனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எங்கள் வீட்டுக்கு ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு என்றுதான் பெயர். என் நாத்தனாரைப் போல மகனும் பாரிசுக்குப் போய்விடுவார் என்று நம்பியிருந்தார். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தும் என் கணவர் போகவில்லை. வேலை பார்த்த பட்டறையை மூடியதும், உழவர்கரையில் ஒரு பழைய லேத்தை வாங்கிவந்துவிட்டார்.

அந்த வருடங்களில் பழைய பிரெஞ்சு வீடுகளை ஓட்டல்களாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களுக்குப் பித்தளைக் குமிழ் வேண்டும் என்று ஒரு கான்ட்ராக்டர் கேட்டார். என் கணவர் அதுவரை இரும்பு மட்டுமே கடைந்தவர்.

“இரும்பையே கடைஞ்சவன் நான். பித்தளை வெண்ணெ மாதிரி போவும், பாரு” என்றார்.

அப்படிப் போகவில்லை. இரும்பைப் போலச் சுருளாக வராமல், ஊசி ஊசியாகத் தெறித்தது. பாயிலும் துவைத்த துணியிலும் கிடந்து குத்தியது. மாமனார் செருப்போடுதான் வீட்டுக்குள் நடந்தார்.

ஒருநாள் காலை ஒரு குமிழுக்குத் துளை போடும்போது டிரில் பித்தளையைக் கவ்விக்கொண்டது. லேத்தின் பிடியிலிருந்து பிய்ந்து வந்த துண்டு என் கணவரின் இடது கையில் அடித்தது. அடுப்படியிலிருந்து நான் ஓடிவந்தபோது, ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின்னாலேயே மாமனாரும் வந்தார். பல வாரங்களுக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை:

“இப்பவாவது பாரிசுக்குக் கெளம்பு.”

“போவல” என்றார் இவர். வலியில் முகம் வெளுத்திருந்தது.

குமிழ்களைச் சொன்னபடி கொடுக்க வேண்டியிருந்தது. கட்டுப்போட்ட கையோடு அவர் நாற்காலியில் உட்கார, நான் லேத் முன்னால் நின்றேன். புடவையை இழுத்துச் செருகி, தலையை இறுக்க முடிந்துகொண்டேன். இரும்புக்குத் தேவையான கூர் பித்தளைக்கு ஆகாது என்று அதற்குள் அவர் விசாரித்து வைத்திருந்தார். அவர் சொன்னபடி டிரில்லின் வெட்டுமுனையைச் சாணைக்கல்லில் லேசாக மழுக்கி மாட்டினேன். சுழலும் குமிழை நோக்கி அதை நகர்த்தினேன்.

“மெதுவா. அதுவா உள்ள போவும், நீ தள்ளாத” என்றார் நாற்காலியிலிருந்து.

போயிற்று. முதல் குமிழ் கோணலாக வந்தது. அடுத்தது பரவாயில்லை. மாமனார் வாசற்படியில் நின்று பார்த்தார். “பொம்பளய நிக்க வச்சிட்டான்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மழைக்காலத்துக்கு முன்பே மாமனார் பாரிசில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். வாடகைக் காரில் பெட்டியை ஏற்றியது நான்தான். விரல் மடங்காத கையோடு என் கணவர் லேத் பக்கத்திலேயே நின்றிருந்தார், வாசலுக்கு வரவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்” என்றேன்.

“அவரு சொன்னாரா?” என்றார்.

கார் நகர்ந்துவிட்டது.